சரக்கு இல்லாத சனிக்கிழமை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று வருடத்துக்கு முன் சபரிமலை போய்வந்து மாலையைக் கழற்றினேன். மாலை கழற்றின ராத்திரி எங்கள் செட்டில் என்ன நடக்கும் என்பது ஊருக்கே தெரியும். அந்த வருடமும் கூப்பிட்டார்கள். போனேன், உட்கார்ந்தேன், லைம் சோடா சொன்னேன். வைராக்கியம் எல்லாம் ஒன்றுமில்லை. நாற்பத்தியொரு நாள் நிம்மதியாகத் தூங்கியிருந்தேன், அதை அன்றைக்கே கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை. அது எட்டு மாதம் ஓடியது. இப்போது வருடத்தில் சில மாதம் இப்படிக் குடிக்கு இடைவேளை விடுவது வழக்கமாகிவிட்டது. அந்த மாதங்களில் நான் வீட்டில் முடங்கிக் கிடப்பதில்லை என்பதுதான் நண்பர்களுக்கு ஆச்சரியம். அவர்களும் அவர்களுடைய நண்பர்களும் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் சென்னைக் கதை, நடுவில் மதுரையும் பாண்டியும் வரும்.

இது யார் வேண்டுமானாலும் செய்யலாமா?

இல்லை. வாரக் கடைசியில், கூட்டம் சேர்ந்தால் குடிப்பவர்களுக்காக எழுதுகிறேன். தினமும் குடிப்பவர், காலையில் கை நடுங்குபவர், நடுக்கம் நிற்பதற்காகவே ஒரு கட்டிங் போடுபவர் திடீரென்று நிறுத்தக்கூடாது. நிறுத்திய ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நான்காம் நாள் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றும் நிலைக்குப் போகலாம், உயிருக்கே ஆபத்து. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். சென்னை இந்திரா நகரில் இதற்கென்றே இயங்கும் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. எங்கே போவதென்றே தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது, தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. அந்த நிலையில் இருப்பவர்கள் கீழே உள்ளதை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

மாலை போடவில்லை, விரதம் இல்லை. "குடிக்கல"ன்னு எப்படிச் சொல்றது?

நம் ஊரில் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் காரணம் ஒன்றே ஒன்றுதான். "மாலை போட்டிருக்கேன்" என்றால், முந்தின வாரம் வாயில் ஊற்றாத குறையாக வற்புறுத்தியவனே "சாமி, நீங்க இந்தப் பக்கம் உக்காருங்க" என்று மின்விசிறிக்கடியில் நாற்காலி போடுவான். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கும் அதே மரியாதை. சாமி இல்லாத இடைவேளைக்குத்தான் விளக்கம் கேட்பார்கள்.

அதற்காக மாலை போட்டிருப்பதாகப் பொய் சொல்லாதீர்கள், அது வேறு பாவம். "மாத்திரை சாப்பிடுறேன்" என்ற பொய்யும் வேண்டாம். என்ன மாத்திரை, எந்த டாக்டர், என் மச்சானுக்கும் இதேதான் என்று அரை மணி நேரம் ஓடும். வாட்ஸ்ஆப் குரூப் வழியாக அம்மாவரை போய்ச் சேரும்.

எனக்கு வேலை செய்தது ஒரு வரிதான்: "இந்த மாசம் இல்ல மாப்ள, எனக்கு நெத்திலி சொல்லு." முதல் பாதி பதில், இரண்டாம் பாதி அவனுக்கு ஒரு வேலை. சப்ளையரைக் கூப்பிடுவதில் அவன் கவனம் திரும்பிவிடும். 'இந்த மாசம்' என்பதும் முக்கியம். 'விட்டுட்டேன்' என்று சொன்னால் எதிரில் இருப்பவனுக்குத் தன்னைக் குற்றம் சொல்வதுபோல் படும், உடனே அவன் தன் பக்க நியாயத்தை எடுத்து வைப்பான். மாதக் கணக்கு யாரையும் உறுத்தாது.

"சும்மா கம்பெனி குடுடா" என்பார்கள். கொடுங்கள். கம்பெனி என்பது நாம்தான், நம் கையில் இருக்கும் கிளாஸ் இல்லை.

குடிக்காமல் நாலு மணி நேரம் அங்கே உட்கார்ந்து என்ன செய்வது?

சாப்பிடுவது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று என்பதில் கொஞ்சம் வெட்கம் உண்டு.

நாம் அதற்கு வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள்: சைடு டிஷ். பெப்பர் சிக்கன், மட்டன் சுக்கா, குடல் வறுவல், காடை ஃபிரை, மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்க் கீற்று. ஊரின் நல்ல சமையலில் பாதியை ஓரமாக ஒதுக்கி வைத்துப் பெயர் சூட்டியிருக்கிறோம்.

நெத்திலி வறுவலை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெயிலிருந்து எடுத்து ஐந்து நிமிடம்தான் அதன் ஆயுசு. அதற்குள் சாப்பிட்டால் தலை, முள், வால் எல்லாமே மொறுமொறுவென்று போகும். பொரிந்த கறிவேப்பிலை பல்லில் நொறுங்கும், எலுமிச்சை பிழிந்த இடம் மட்டும் லேசாகப் பதமாக இருக்கும். எங்கள் மேஜையில் என்ன நடக்கும் என்றால், நெத்திலி வரும் நேரம் யாராவது மேனேஜர் கதையை ஆரம்பித்திருப்பார்கள். தட்டு நடுவில் இருக்கும். கதை முடிந்து, சிரித்து, அடுத்த ரவுண்டு ஊற்றி, கை தட்டுக்குப் போகும்போது மீன் சவசவத்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். உப்பும் காரமும் மட்டும் தெரியும். அதைத்தான் பல வருடம் 'செம சைடு டிஷ்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். லைம் சோடா சொன்ன அந்த முதல் ராத்திரி, தட்டு வந்த கையோடு நான் மட்டும் எடுத்துச் சாப்பிட்டேன். ஒரே கடையில் ஆறு வருடமாகச் சாப்பிட்ட பண்டம், புதிதாக இருந்தது.

இன்னொன்று, சாப்பாட்டை ஒன்பது மணிக்கே சொல்லிவிடுங்கள். குடிக்கும் மேஜையில் சமையலறை மூடப்போகிற நேரத்தில்தான் எல்லோருக்கும் பசி வரும். "கிச்சன் க்ளோஸ் சார், என்ன வேணும்?" என்று கேட்டதும் அவசரமாக நாலு சிக்கன் ஃப்ரைடு ரைஸ், பாதி மிச்சம், பார்சல், மறுநாள் குப்பை. ஒன்பது மணிக்கு வரும் பிரியாணிக்கும் பத்தே முக்காலுக்கு வரும் பிரியாணிக்கும் நடுவில் ஒரு அடுப்பே அணைந்துவிடுகிறது.

நாலு மணி நேரமும் உட்கார வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரே கதை இரண்டாம் முறை வந்தால் சிரியுங்கள். மூன்றாம் முறை வந்தால் கிளம்புங்கள். நீங்கள் எப்போது போனீர்கள் என்று மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது.

கையில் என்ன வைத்துக்கொள்வது? ஜூஸ் குடித்தால் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறதே.

நல்ல கேள்வி, பலர் சறுக்குவது இங்கேதான். சரக்கை மெதுவாகக் குடிக்க வைப்பது அதன் காட்டம். கசப்பு, எரிப்பு, சில்லென்ற குமிழ் இவையெல்லாம் சேர்ந்து ஒவ்வொரு வாயையும் நிறுத்தும். ஆப்பிள் ஜூஸில் நிறுத்த எதுவும் இல்லை. இனிப்பு நேராக உள்ளே போகும், கிளாஸ் காலி, கை சும்மா, கண் பக்கத்துக் கிளாஸ் மேல். அதனால் உங்கள் பானத்திலும் ஏதாவது ஒரு உறைப்போ கசப்போ இருக்க வேண்டும்.

ஃப்ரெஷ் லைம் சோடாவை உப்புப் போட்டுச் சொல்லுங்கள், இஞ்சி தட்டிப் போடச் சொல்லுங்கள். பெரும்பாலான கடைகளில் செய்து தருவார்கள். டானிக் வாட்டரில் இருக்கும் குயினைன் கசப்பு, எலுமிச்சைத் துண்டோடு சேர்ந்தால் ஒரு மணி நேரம் தாங்கும். கொய்யா ஜூஸ், கிளாஸ் விளிம்பில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவி வந்தால் பரவாயில்லை. மெனுவில் 'வர்ஜின் மொஹிதோ' என்று இருப்பது பல இடங்களில் புதினா மிதக்கும் சர்க்கரைப் பாகுதான். சிரப்பைப் பாதியாகக் குறைக்கச் சொன்னால் குடிக்கும்படி இருக்கும். ஆந்திரா மெஸ் மாதிரி இடமாக இருந்தால் வெட்கப்படாமல் ஒரு டம்ளர் மிளகு ரசம் கேளுங்கள். சூடாக, ஊதி ஊதி. அதைவிட மெதுவாகக் குடிக்க வைக்கும் பானம் நம்மிடம் இல்லை.

வீட்டில் கூட்டம் என்றால் நான் செய்வது இது. பெரிய கிளாஸில் நன்னாரி சிரப் இரண்டு ஸ்பூன், அரை எலுமிச்சை, இரண்டு சிட்டிகை உப்பு, தட்டிய இஞ்சி, ஒன்றிரண்டாக உடைத்த நாலு மிளகு. கிளாஸ் நிறைய ஐஸ். சோடாவைக் கடைசியில், கிளாஸின் ஓரமாக, அவசரப்படாமல் ஊற்ற வேண்டும். கலக்கவே கூடாது. குடிக்கக் குடிக்க அடியில் இருக்கும் நன்னாரியும் மிளகும் மேலே வரும்.

யாரும் கேள்வியே கேட்கக்கூடாது என்று நினைப்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி: பொவொண்டோ. 1916இல் விருதுநகரில் ஆரம்பித்த காளிமார்க்கின் திராட்சைச் சுவை பானம். ஐஸ் போட்ட கிளாஸில் ஊற்றினால் ரம்மும் கோலாவும் கலந்த நிறம். ஒரு கல்யாண ரிசப்ஷன் முழுக்க இதைப் பிடித்துக்கொண்டே சுற்றினேன். "எத்தனையாவது?" என்று ஒருவர் தோளில் கைபோட்டுக் கேட்டார். "நாலு" என்றேன். அது உண்மைதான்.

ஆல்கஹால் இல்லாத பீர் சரியா?

ஹைனெகன், பட்வைசர் இரண்டிலும் 0.0 வகை கிடைக்கிறது, சூப்பர் மார்க்கெட்டிலேயே விற்கிறார்கள். கிங்ஃபிஷர் ராட்லரும் அப்படித்தான், எலுமிச்சை வாசத்தோடு இனிப்பாக இருக்கும். லேபிளில் '0.0' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இந்திய விதிப்படி 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் மதுபானம் என்ற கணக்கு, ஆகவே 'நான் ஆல்கஹாலிக்' என்று மட்டும் போட்டிருப்பதில் துளி இருக்க வாய்ப்புண்டு.

எனக்கு முதல் இரண்டு வாரம் இது உதவவில்லை, வாசனையே அசலைக் கேட்க வைத்தது. ஒரு மாதம் போன பிறகு சும்மா ஒரு கசப்புப் பானமாகத் தெரிந்தது. உங்களுக்கு எப்படி என்று முதல் பாட்டிலிலேயே தெரிந்துவிடும். குடிநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

பில்லைச் சமமாகப் பிரிக்கிறார்கள். லைம் சோடா குடித்தவன் விஸ்கிக்குக் காசு கொடுப்பதா?

வேண்டியதில்லை, சண்டையும் வேண்டியதில்லை. மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, மாநில வாட் வரிதான். சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி. இரண்டு வரியும் வேறு என்பதால் பார் வைத்திருக்கும் உணவகங்களில் இரண்டும் தனித்தனியாகக் கணக்கிடப்பட்டே வரும், சில இடங்களில் இரண்டு பில்லாகவே தருவார்கள். உட்காரும்போதே ஒரு வார்த்தை: "ஃபுட் பில் எல்லாரும், லிக்கர் பில் உங்களுக்குள்ள." ராத்திரி பதினோரு மணிக்குச் சொன்னால் கஞ்சன் என்பார்கள், ஏழரைக்குச் சொன்னால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

குடிக்காதவன்தான் எல்லோரையும் வீட்டில் விட வேண்டுமா?

முதல் மாதம் அப்படித்தான் ஆனேன். மேடவாக்கத்தில் ஒருவன், போரூரில் ஒருவன், கடைசியில் நான் வேளச்சேரி வந்து சேரும்போது மணி ஒன்றரை. பின்சீட்டில் ஒருவன் பாடிக்கொண்டே வந்தான், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். காரைக் கழுவிய செலவு பற்றி இங்கே பேச வேண்டாம்.

இப்போது ஒரே விதி: என் வழியில் இருப்பவர்கள் மட்டும், நான் கிளம்பும் நேரத்தில். மற்றவர்களுக்கு ஆப்பில் வண்டி. ஆனால் போதையில் பைக் சாவியைத் தேடுபவனை மட்டும் விடாதீர்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் தாண்டினாலே மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவு பாயும். 2019 திருத்தத்துக்குப் பின் முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தைவிடப் பெரிய செலவுகளும் ஈசிஆரில் உண்டு.

சோதனையில் போலீஸ்காரர் கருவியை நீட்டி "ஊதுங்க" என்னும்போது, தைரியமாக நெஞ்சு நிறைய மூச்செடுத்து ஊதுவதில் ஒரு அற்ப சந்தோஷம் இருக்கிறது. அதை மறுக்க மாட்டேன்.

பார் தவிர ராத்திரியில் வேறு எங்கே போவது? சென்னையில் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பாரிமுனைப் பக்கம் சாயங்காலம் போனதில்லை என்று அர்த்தம்.

பர்மா பஜாரை ஒட்டி, செகண்ட் லைன் பீச் தெருவில் அத்தோ வண்டிகள் நிற்கும். 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து கடைகளும் தொழில்களும் பறிபோக, அங்கிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. ஆரஞ்சு நிறத்தில் தடிமனான நூடுல்ஸ், சீவிய கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டும் அதன் எண்ணெயும், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள். அதன் மேல் பேஜோ என்ற மொறுமொறு வில்லையை நொறுக்கிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே ஒரு கிண்ணம் சூடான வாழைத்தண்டு சூப். தீர்ந்தால் கேளுங்கள், மறுபடி ஊற்றுவார்கள். பிளந்த முட்டைக்குள் வறுத்த வெங்காயமும் பூண்டும் புளியும் வைத்துத் தரும் முட்டை மசாலாவை ஒரே வாயில் போட வேண்டும், கடித்துச் சாப்பிட நினைத்தால் சட்டை போய்விடும். இரண்டு பேர் வயிறு நிறையச் சாப்பிட்ட காசுக்கு ஒரு பெக் வராது.

சௌகார்பேட்டை மின்ட் தெருவில் ஜிலேபியும் கெட்டியான பாதாம் பாலும் சாப்பிட்டுக்கொண்டே நடக்கலாம். திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயில் சாம்பாரில் மூழ்கிய இட்லி, இட்லி தெரியாத அளவுக்கு. அதற்கு மேல் மெரினாவில் காற்றும் சைக்கிளில் வரும் சுக்குக் காப்பியும்.

மதுரைக்காரர்களுக்கு நான் சொல்லித் தர ஒன்றுமில்லை. தூங்கா நகரம் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். பத்து மணிக்கு மேல் கொத்துப் பரோட்டாவின் தாளம், முட்டையும் கொத்துக்கறியும் அடுக்கிய கறிதோசை, கடைசியில் பாலும் பாதாம் பிசினும் நன்னாரியும் ஐஸ்கிரீமும் சேர்ந்த ஜிகர்தண்டா. இதில் சரக்கு எங்கே பொருந்தும் என்றே தெரியவில்லை.

பாண்டிக்குக் குடிக்காமல் போவதா என்று சிரிப்பார்கள். போய்ப் பாருங்கள். மாலையானால் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், ஊரே நடக்கும். ஞாயிறு என்றால் காந்தி வீதிச் சந்தை. ஆறேழு தடவை போயிருக்கிறேன், அந்த ஊரில் சூரியன் கடலிலிருந்து எழுவதைப் பார்த்தது இடைவேளை மாதத்தில்தான். மற்ற தடவைகளில் செக் அவுட் நேரத்துக்குத்தான் எழுந்திருப்பேன்.

எடை குறையுமா? உடம்பில் என்ன மாறும்?

ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி. நம் ஊர்ச் சரக்கு பெரும்பாலும் 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் 60 மில்லியில் சுமார் 20 கிராம் ஆல்கஹால், 140 கலோரி. குவார்ட்டர், அதாவது 180 மில்லி என்றால் 420க்கு மேல், அதுவும் மிக்ஸிங்கையும் சைடு டிஷ்ஷையும் சேர்க்காமல். 2018இல் வெளியான ஒரு லண்டன் ஆய்வில், ஓரளவு அதிகமாகக் குடித்துவந்த 94 பேர் ஒரு மாதம் நிறுத்தினார்கள். ரத்த அழுத்தம், எடை, இன்சுலின் எதிர்ப்பு மூன்றுமே குறைந்தன.

என் அனுபவத்தில் முதலில் மாறுவது தூக்கம். முதல் வாரம் மோசமாகக்கூட இருக்கலாம். பிறகு விடியற்காலை மூன்று மணிக்கு நாக்கு வறண்டு விழிப்பது நின்றுபோகும். எடை? எனக்கு முதல் மாதம் ஏறியது. இனிப்பு ஆசை அப்படி வரும். மின்ட் தெருவை மேலே பரிந்துரைத்ததற்கு மன்னிக்கவும்.

ஆபீஸ் பார்ட்டியில்?

பார்ட்டி தொடங்கியதும் கவுண்டருக்குப் போய் நீங்களே ஒரு கிளாஸை வாங்கிக்கொள்ளுங்கள். கை காலியாக இருந்தால்தான் மேனேஜர் ஊற்றுவார்.

கேக், டெசர்ட்டில் கலந்திருப்பது?

சமைத்தால் எல்லாம் ஆவியாகிவிடும் என்பது சரியில்லை. கால் மணி நேரம் கொதித்தாலும் ஐந்தில் இரண்டு பங்கு தங்கும். டிராமிசு சுடப்படுவதே இல்லை. ரம்மில் ஊறிய பிளம் கேக் ஒரு துண்டு யாருக்கும் போதை ஏற்றாது. ஆனால் விரதம் என்றோ மாத்திரை காரணமாகவோ இருப்பவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

கணவர் இந்த மாதம் நிறுத்தியிருக்கிறார். வெளியே போகலாமா, வேண்டாமா?

போங்கள். 'பார்க்கலாம் எத்தனை நாள்னு' என்பதை மட்டும் சொல்லாதீர்கள், சிரித்துக்கொண்டேகூட. என் வீட்டில் செய்தது ஒன்றுதான்: சனிக்கிழமை எங்கே சாப்பிடுவது என்பதை வியாழக்கிழமையே முடிவு செய்து, "ஏழு மணிக்குக் கிளம்பணும்" என்று சொல்லிவிடுவாள். சனிக்கிழமை ஏழு மணி சும்மா கிடந்தால் அதை நிரப்ப நண்பர்கள் எப்போதும் தயார்.

நடுவில் ஒரு நாள் குடித்துவிட்டேன். கணக்கு போச்சா?

இருபதாம் நாள் குடித்தால் பத்தொன்பது நாள் எங்கே போகும்? மறுநாள் லைம் சோடா.

இடைவேளை முடிந்து திரும்பும்போது?

கவனம். உடம்பு பழைய அளவை மறந்திருக்கும், நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எட்டு மாதம் கழித்து நான் வழக்கமான மூன்று லார்ஜில் ஆரம்பித்தேன். இரண்டாவது முடியும் முன்பே நாக்கு குழறியது. மறுநாள் ஞாயிறு முழுக்கப் போர்வைக்குள். சின்ன அளவில், வயிற்றில் சாப்பாடு போன பிறகு, வண்டியை வீட்டில் விட்டுவிட்டுத் தொடங்குங்கள். அன்றைக்கும் நெத்திலி வந்ததும் முதலில் அதை எடுங்கள், ஐந்து நிமிடம்தான்.